மன்னர் மறைந்த நாளும் பெரட்டுக்களமும்: மலாக்காத் தோட்டத் தமிழர் நினைவில் அரச மரணங்கள்

மலேசியாவில் தனக்கென்று அரச பரம்பரை இல்லாத நான்கு மாநிலங்களுள் மலாக்காவும் ஒன்று. 1511-இல் போர்ச்சுகீசியரிடம் நகரை இழந்த சுல்தான் மாமுட் ஷா 1528-இல் சுமத்திராவின் கம்பாரில் இறந்தார். அதன்பின் மலாக்காவை ஆண்ட எந்த முடியரசரும் மலாக்கா மண்ணில் வாழவில்லை, இறக்கவுமில்லை. போர்ச்சுகல் மன்னர்களின் பெயராலும், பின்னர் டச்சு வணிகக் கம்பெனியின் பெயராலும், 1825 முதல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயராலும், 1867 முதல் நேரடியாகப் பிரிட்டிஷ் முடியின் பெயராலும் ஆட்சி நடந்த இந்த ஊரில், அரச மரணம் என்பது கண்ணால் கண்ட இறுதி ஊர்வலமாக அல்லாமல் தொலைவிலிருந்து வந்து சேர்ந்த செய்தியாகவே இருந்துவந்திருக்கிறது. 1957-இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் நிலை பெரிதும் மாறவில்லை. மாமன்னர் பதவி ஒன்பது மலாய் மாநில ஆட்சியாளர்களுக்குள்ளேயே சுழல்வதால், மலாக்காவிலிருந்து ஒருவர் மாமன்னராக வருவதற்கு வழியே இல்லை. ஆகவே, மன்னர் மறைந்த நாளைப் பற்றிய மலாக்கா மக்களின் நினைவு, அடிப்படையில், ஒரு செய்தி யார் வழியாக, எந்த வேளையில், எந்த வேலையின் நடுவே வந்தது என்பதைப் பற்றிய நினைவாகும். மலாக்காத் தோட்டத் தமிழர்களைப் பொறுத்தவரை அந்தச் செய்தியின் வழி தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே சென்றது என்பதும், அந்த வழியை அறியாமல் அவர்களுடைய நினைவை மதிப்பிட முடியாது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

பெரும் செய்தி ஒன்றைக் கேட்ட கணத்தை மக்கள் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்ற ஆய்வு நூறாண்டுகளுக்கும் மேல் பழைமையானது. அமெரிக்க உளவியலாளர் கோல்குரோவ், ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டு முப்பதாண்டுகளுக்கு மேல் கடந்த நிலையில், அச்செய்தியைக் கேட்டபோது எங்கிருந்தீர்கள் என்று 179 பேரிடம் கேட்டு, அவர்களுள் 127 பேர் இடத்தையும் வேளையையும் சொல்லக்கூடியவர்களாக இருந்ததை 1899-இல் வெளியிட்டார். 1977-இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் கூலிக் என்ற இருவர் இத்தகைய நினைவுக்கு 'மின்னொளி நினைவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். அதாவது, அதிர்ச்சியான செய்தியைக் கேட்ட சூழல், ஒளிப்படக் கருவியின் மின்னொளியில் பதிந்ததுபோல் மனத்தில் தங்கிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. அவர்களுடைய ஆய்வில் மலாக்காவுக்குப் பொருந்தும் பகுதி வேறொன்று: மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்ட கணம் கறுப்பின மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு நினைவிருந்தது, வெள்ளையரிலோ மூன்றில் ஒரு பங்கினருக்கே நினைவிருந்தது. ஒரு மரணம் யாருடைய வாழ்வை மாற்றுமோ அவர்களே அதன் கணத்தைக் காத்துவைக்கிறார்கள்.

அவ்வாறு காக்கப்பட்ட நினைவும் பிழையற்றதன்று. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கப்பட்ட விவரங்களும், அவர்களே ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின் சொன்ன விவரங்களும் பல இடங்களில் முற்றிலும் முரண்பட்டன. ஆயினும் சொன்னவர்கள் தங்கள் நினைவில் ஐயமின்றி இருந்தனர். இத்தாலிய வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெசாண்ட்ரோ போர்ட்டெல்லி இதை இன்னும் ஆழமாகக் காட்டினார். டெர்னி நகர உருக்காலைத் தொழிலாளியான லூயிஜி டிராஸ்துல்லி 1949-இல், நேட்டோ உடன்படிக்கைக்கு எதிரான போராட்டத்தின்போது காவல்துறையால் கொல்லப்பட்டார். ஆனால் அவ்வூர்த் தொழிலாளர் பலரும் அந்த மரணத்தை 1953-இல் நிகழ்ந்த பெரும் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவுகூர்ந்தனர். தங்கள் வாழ்வைத் தீர்மானித்த நிகழ்வு எதுவோ அதனிடத்துக்கு அந்த மரணத்தை அவர்கள் கொண்டுவந்து வைத்தனர் என்றும், அந்த இடமாற்றமே ஆய்வாளனுக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று என்றும் போர்ட்டெல்லி வாதிட்டார். தோட்டத் தமிழரின் நினைவைக் கேட்கச் செல்பவர் எவரும் கைக்கொள்ள வேண்டிய பாடம் இது.

மலாக்காவில் அரச மரணம் ஒன்றின் நினைவு கல்லாக நிற்கும் இடம் டச்சுச் சதுக்கத்திலுள்ள விக்டோரியா நீரூற்று. 1901 ஜனவரி 22-ஆம் நாள் மறைந்த விக்டோரியா மகாராணியின் ஆட்சியாண்டுகளைப் பொறித்துள்ள அந்தக் கல், மலாக்கா மக்களே அதை எழுப்பியதாகக் கூறுகிறது. அன்றைய மலாக்கா மக்களுள் தமிழ்த் தொடர்புடையோர் இரு வகையினர். ஒரு வகையினர், சுல்தான்களின் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, மலாய் மொழி பேசி, சைவ வழிபாட்டை விடாமல் காத்துவந்த மலாக்காச் செட்டிகள்; 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. மற்றொரு வகையினர் அப்போதுதான் வரத் தொடங்கிய தோட்டத் தொழிலாளர். மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டு, தொடர்ந்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தபோதுதான் மலாயாவில் வணிக நோக்கிலான ரப்பர்ச் சாகுபடி வேரூன்றியது. எனவே, மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்கள் விக்டோரியாவின் ஆட்சியில் நாற்றாக இருந்து, அவருடைய வாரிசுகளின் ஆட்சியில் பால் தரத் தொடங்கின. காட்டை அழித்துக் கன்று நட்டுக்கொண்டிருந்த அந்த முதல் தலைமுறைக்கு, மகாராணியின் முகம் பரிச்சயமானது சிலையாலோ நீரூற்றாலோ அன்று, அவர்கள் சம்பளமாக எண்ணி வாங்கிய காசினால்தான்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மரணம் இவ்வகையில் முதன்மையானது. ஏனெனில் அப்போது தோட்ட வாழ்வு முழு வடிவம் பெற்றிருந்தது. 1936 ஜனவரி 20-ஆம் நாள் இங்கிலாந்தில் நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவர் உயிர் பிரிந்தது. மலாயாவின் கடிகாரம் அப்போது கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி இருபது நிமிடம் முன்னே ஓடியதால், மலாக்காவில் அது மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணி. இந்தக் கணக்கு வெறும் ஆர்வத்துக்காக அன்று. தோட்டத்தில் பொழுது விடியுமுன்பே பெரட்டு முடிந்துவிடும். பெரட்டு என்பது, தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்து ஆள்கணக்கு எடுத்து, அன்றைய வேலையை மேற்பார்வையாளரான கங்காணியும் எழுத்தரான கிராணியும் பிரித்துக் கொடுக்கும் அதிகாலைக் கூட்டம். ஏழேகால் மணிக்குப் பால்வெட்டுக்காரர்கள் நிரையில் பாதி மரங்களை வெட்டி முடித்திருப்பார்கள். அந்த வேளையில் வந்த செய்தி எதுவானாலும், அது தந்தி நிலையத்துக்கும் மலாக்கா நகரத்துக்கும் முதலில் சென்று, தோட்ட மேலாளரான துரையின் பங்களாவை அடைந்து, அலுவலகக் கிராணியின் மூலமாகப் பால் நிறுக்கும் கொட்டகைக்கு வந்து சேர நண்பகல் ஆகியிருக்கும். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதை அச்சில் காண வேண்டுமானால், 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனோ, 1935 ஜூலையில்தான் சிங்கப்பூரில் தொடங்கியிருந்த தமிழ் முரசோ கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1936-ஐ நினைவில் வைத்திருந்த தோட்டத் தமிழருக்கு அந்த ஆண்டு வேறு காரணங்களால் முக்கியமானது. பொருளாதார மந்தத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டதற்குப் பின், ரப்பர் விலை மெல்ல ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கூலி மட்டும் அதே வேகத்தில் ஏறவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரிக்க வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்தார். அதே மாதம் 11-ஆம் நாள் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தார். ஒரே ஆண்டில் ஒரு மன்னர் இறந்து, இன்னொருவர் விலகி, மூன்றாமவர் அரியணை ஏறிய குழப்பத்தைவிட, கூலியைப் பற்றிக் கேட்க ஊரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தியே தோட்டத்தில் நின்றிருக்கும் என்று கருதுவதே பொருத்தம்.

1952 இதனினும் வேறுபட்டது, அடர்த்தியானது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பிப்ரவரி 6-ஆம் நாள், புதன்கிழமை, சாண்ட்ரிங்காம் மாளிகையில் உறக்கத்திலேயே இறந்தார். அச்செய்தி லண்டனில் காலை பத்தே முக்கால் மணிக்கு அறிவிக்கப்பட்டது. மலாயா அப்போது கிரீன்விச்சைவிட ஏழரை மணி முன்னே இருந்தது. எனவே மலாக்காவில் மாலை ஆறேகால் மணி. அது வேலை முடிந்து, லயம் என்ற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் அடுப்பு மூட்டும் நேரம். ஆனால் அன்றைய லயம் 1936-இன் லயமன்று. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியை எதிர்த்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாகி, 1950-க்குப் பின் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு, முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு வந்தன. இருட்டியபின் வேலிக்கு வெளியே போக முடியாது. காலையில் வெளியேறும்போது கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி எடுத்துச் செல்கிறார்களா என்று ஆண்களும் பெண்களும் சோதிக்கப்பட்டனர். பலருக்கு மதிய உணவைக் காட்டுக்குக் கொண்டுபோகும் உரிமைகூட இல்லாமற்போனது. பால்வெட்டுக்குப் போன பெண்கள் வேலி வாயிலில் பட்ட அவமானம், அக்காலத்தை வாழ்ந்தவர்களின் பேச்சில் எந்த மன்னரைவிடவும் முதலிடம் பெறுவதில் வியப்பில்லை.

மலாயா வானொலியின் தமிழ்ப் பகுதி அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. அவசரகாலப் பரப்புரைக்காகவே அரசு பொது வானொலிப் பெட்டிகளை வழங்கிவந்தது. வானொலி இருந்த இடத்தில் செய்தி அன்று மாலையே வந்தது. இல்லாத இடத்தில் மறுநாள் வியாழக்கிழமைப் பெரட்டுக்களத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகவே 1952-ஐ நினைவுகூரும் ஒருவர் மாலைப் பொழுதையும் மற்றொருவர் விடியற்காலையையும் சொன்னால், இருவருள் ஒருவர் தவறு என்று முடிவுகட்டுவது அவசரமாகும். ஒருவர் கேட்டது செய்தி, மற்றவர் கேட்டது அறிவிப்பு. அதே வியாழக்கிழமை, முந்தைய அக்டோபரில் கொலையுண்ட ஹென்றி கர்னியின் இடத்துக்குப் புதிய உயர் ஆணையராக நியமிக்கப்பட்ட ஜெரால்டு டெம்ப்ளர் கோலாலம்பூர் வந்திறங்கினார். அந்த வார இறுதியில் தைப்பூசம் வந்தது. மன்னர் இறந்ததும், கடுமையான புதிய துரை வந்ததும், காவடி எடுத்ததும் ஐந்தாறு நாள்களுக்குள் அடங்கிவிட்டதால், வாய்மொழி நினைவில் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. பிப்ரவரி 15-ஆம் நாள் விண்ட்சரில் நடந்த நல்லடக்கத்தைத் திரைப்படக் கொட்டகையின் செய்திச்சுருளில் பின்னர் பார்த்த நகரத்துத் தமிழர், பார்த்த காட்சியைக் கேட்ட நாளோடு சேர்த்துவிடுவதும் இயல்பே.

சட்டத்தின் பார்வையிலும் மலாக்காவின் நிலை தனித்தது. 1948 பிப்ரவரி 1-ஆம் நாள் மலாயாக் கூட்டமைப்பு உருவானபோது, ஒன்பது மலாய் மாநிலங்களும் தத்தம் ஆட்சியாளர்களின் நாடாகவும் பிரிட்டனின் பாதுகாப்புக்கு உட்பட்டனவாகவும் இருக்க, பினாங்கும் மலாக்காவும் மட்டும் பிரிட்டிஷ் முடியின் நேரடிக் குடியேற்றங்களாகவே தொடர்ந்தன. இதன் பொருளை உணர மலாக்காவின் வட எல்லையிலுள்ள புலாவ் செபாங்கைப் பார்த்தால் போதும். நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தம்பின் நகரோடு ஒட்டிக் கிடக்கும் அவ்வூரில், தம்பின் என்ற பெயர் தாங்கிய தொடர்வண்டி நிலையமே மலாக்கா மண்ணில் நிற்கிறது. 1952-இல் அந்த எல்லைக்கு இப்புறம் இருந்த தமிழனுக்கு ஆறாம் ஜார்ஜ் தன் மன்னர். அப்புறம் இருந்தவனுக்கோ அவர் தன் ஆட்சியாளரைக் காக்கும் வல்லரசின் மன்னர். மலாக்காவில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடிமகன் என்பதும், குடியுரிமைச் சட்டங்கள் இறுகிய பிற்காலத்தில் பிறப்புப் பத்திரத்தில் இருந்த ஊர்ப்பெயர் பல குடும்பங்களுக்கு வாழ்வுப் பிரச்சினையானது என்பதும் கருதத்தக்கவை. எனினும் சாலையைக் கடந்து இருபுறத் தோட்டங்களிலும் உறவு வைத்திருந்த குடும்பங்களுக்கு, அந்தக் கோடு சட்டப் புத்தகத்தில் இருந்த அளவுக்கு வாழ்வில் இருந்ததில்லை.

புதிய அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழா 1953 ஜூன் 2-இல் நடந்தது. அடுத்த செப்டம்பர் 3-ஆம் நாள், அவசரகாலக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட முதல் 'வெள்ளைப் பகுதி' அறிவிக்கப்பட்டது. அது மலாக்காவின் கரையோரப் பகுதியே. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே முதலில் தளர்ந்தன. ராணி வந்தபின் நல்ல காலம் பிறந்தது என்று ஒரு மூதாட்டி சொல்வாரானால், அதை அரச விசுவாசம் என்று பதிவுசெய்யும் ஆய்வாளர் பிழை செய்கிறார். அந்த மூதாட்டி சொல்வது சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடிந்த நாளைப் பற்றி. போர்ட்டெல்லியின் டெர்னித் தொழிலாளர் செய்ததும் அதுவே.

விடுதலைக்குப் பிந்தைய 1960-ஆம் ஆண்டு, ஒரே ஆண்டில் இரு மாமன்னர்களின் மரணத்தைக் கண்டது. நாட்டின் முதல் மாமன்னரும் நெகிரி செம்பிலான் ஆட்சியாளருமான துவாங்கு அப்துல் ரகுமான் ஏப்ரல் 1-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, நோன்புப் பெருநாள் முடிந்த சில நாள்களில் காலமாகி, ஸ்ரீ மெனாந்தியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் வந்த சிலாங்கூர் சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா, தம்முடைய பதவியேற்பு விழாவுக்கென்று குறிக்கப்பட்டிருந்த செப்டம்பர் 1-ஆம் நாளிலேயே, அதாவது விடுதலை நாளுக்கு மறுநாள், இயற்கை எய்தினார். முதல் மரணத்தில் புலாவ் செபாங் எல்லை மீண்டும் பொருள் பெற்றது: தம்பின் மக்கள் நாட்டின் மாமன்னரையும் தங்கள் மாநில ஆட்சியாளரையும் ஒருசேர இழந்தனர், எதிர்ப்புறத்து மலாக்கா மக்களுக்கு அது மாமன்னரின் இழப்பு மட்டுமே.

இவ்விரு மரணங்களும் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடுவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆண்டு ஒன்று; துக்கக் கொடி ஒன்று; அறிவித்த வானொலியும் ஒன்று; தொலைக்காட்சியோ 1963 டிசம்பரில்தான் வந்தது. மேலும், 1967 ஜூனில் புதிய நாணயம் வெளியானபோது அதன் தாள்களில் முதல் மாமன்னரின் உருவம் அச்சாயிற்று. இன்றுவரை அவர் முகமே மலேசிய ரிங்கிட் தாள்களில் இருக்கிறது. இறந்து ஏழாண்டுகளுக்குப் பின் ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்ந்த அந்த முகம், 1960-இன் இரண்டாவது மரணத்தை நினைவிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு மரணங்களுக்கும் இடையில், மே 14-ஆம் நாள், வீ. தி. சம்பந்தன் முன்னின்று அமைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஐரோப்பிய முதலாளிகள் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்ற 'தோட்டத் துண்டாடல்' அப்போது மலாயா முழுவதும் தொழிலாளரை வேலையும் வீடும் இன்றித் தெருவில் நிறுத்திக்கொண்டிருந்தது. தொழிலாளரிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவதே சங்கத்தின் வழி. மலாக்காத் தோட்டத்து முதியவர் ஒருவருக்கு 1960-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதென்றால், அது பெரும்பாலும் தன் தோட்டம் யாருக்கு விற்கப்பட்டது என்பதாகத்தான் இருக்கும். மாமன்னரின் மரணம் அந்த நினைவின் ஓரத்தில், அலுவலகத்தில் கொடி இறங்கியிருந்தது என்ற அளவில், வந்துபோகும்.

அப்படியானால் இம்மக்கள் எந்த மரணத்துக்கும் மின்னொளி நினைவு வைத்திருக்கவில்லையா என்றால், அப்படியன்று. 1948 ஜனவரி 30-ஆம் நாள் டெல்லியில் மாலை ஐந்தேகால் மணிக்குக் காந்தியடிகள் சுடப்பட்டபோது மலாயாவில் இரவு ஏழேகால். அது முடியரசரின் மரணமன்று. ஆயினும் தோட்டத் தமிழரின் உணர்வுலகில் அரச மரணத்துக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டது அதுவே. லயச் சுவர்களில் காந்தி, நேரு, நேதாஜி படங்கள் சாமி படங்களோடு சேர்ந்து தொங்கின. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் இடப்பட்டன. பிரவுனும் கூலிக்கும் கண்ட வேறுபாடு மலாக்காவிலும் செல்லும்: ஆட்சி செலுத்தியவரின் மரணத்தைக் கொடி சொன்னது, தம்மவர் என்று கருதியவரின் மரணத்தை வீடு சொன்னது. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணாதுரை மறைந்த செய்தியையும் இவ்வரிசையில் வைத்தே ஆராய வேண்டும்.

எலிசபெத் அரசியின் மரணம் 2022 செப்டம்பர் 9-ஆம் நாள் மலேசிய நேரப்படி நள்ளிரவுக்குப்பின் ஒன்றரை மணிக்கு அறிவிக்கப்பட்டது. விடிந்ததும் கைப்பேசியில் ஒவ்வொருவரும் தனித்தனியே கண்டனர். கங்காணியோ கிராணியோ இடையில் இல்லாமலே வந்த அரச மரணச் செய்தி அது. தோட்டங்களும் பெரிதும் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, பழைய தலைமுறையின் பிள்ளைகள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரப் புறநகர்களில் குடியேறிவிட்டனர்.

இந்நிலையில் வாய்மொழிப் பதிவு செய்ய முனைவோர் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். மன்னர் இறந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால் பாடப்புத்தக விடைதான் கிடைக்கும். அன்று பெரட்டு நடந்ததா, யார் வந்து சொன்னார்கள், பால்வெட்டு நிறுத்தப்பட்டதா, நிறுத்தப்பட்டால் அந்த நாள் கூலி கொடுக்கப்பட்டதா, பள்ளிக்கூடத்தை மூடினார்களா, வேலி வாயிலில் யார் நின்றார்கள் என்று கேட்க வேண்டும். கிழமையையும் அருகில் வந்த திருவிழாவையும் கேட்டால் நாளைச் சரிபார்க்க முடியும். தவறான ஆண்டைச் சொன்னாலும் திருத்தாமல் எழுதிக்கொண்டு, ஏன் அந்த ஆண்டு என்று மேலும் கேட்க வேண்டும். 1952-இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்க்கு இன்று எண்பதுக்கு மேல். மலாக்காவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், கோயில் நிர்வாகத்தினரும், தோட்டத்தில் பிறந்து நகரில் வாழும் பிள்ளைகளும் இந்தக் கேள்விகளைத் தத்தம் வீட்டு முதியவரிடம் இவ்வாண்டே கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிவு செய்ய வேண்டும்.